ரத்தான கல்

வெள்ளிக்கிழமை மதியம் யோரனிடமிருந்து மெயில்.
பதினெட்டு வருடமாக எங்களிடம் கல் வாங்குகிறவன்.
வழக்கமாக இரண்டே வரி: எத்தனை, எப்போது.
இந்த முறை ஒன்றரைப் பக்கம்.
முதலாளி கண்ணாடியைத் தேடியபடியே
'நீயே படிம்மா' என்றார்.
பர்கூர் சிப்காட்டில் இந்த ஒரு கம்பெனிக்கு
வெளிநாட்டுத் துக்கமெல்லாம்
என் மேஜையில்தான் தமிழாகிறது.

அவன் நாடு சின்னது.
கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜனத்தில் பாதிகூட இருக்காது.
வருடத்துக்கு இத்தனை பேர் சாவார்கள் என்று
நாங்களே ஒரு கணக்குப் போட்டு
கறுப்புக் கல் அறுத்து அடுக்கிவைப்போம்,
பனிக்காலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக.

எழுதியிருந்தான்:
வட்டி ஏறிவிட்டது.
வீட்டைச் சூடாக்கவே சம்பளத்தில் கால்வாசி போகிறது.
பக்கத்துப் பெரிய நாடு எங்கள் மரத்தை வாங்குவதில்லை,
துறைமுகத்தில் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன.
படித்த பிள்ளைகள் கப்பலேறிவிட்டார்கள்.
மிச்சமிருப்பது கிழவர்களும்
கிழவர்களின் பென்ஷனும்.
கல்லறை இங்கே வாடகை இடம்தான், இருபது வருடத்துக்கு.
தவணை முடிந்த கல்லைப் பிடுங்கி
பழைய பெயரைத் தேய்த்துவிட்டு
புதுப் பெயர் வெட்டிக்கொள்கிறார்கள்.
மலிவாக முடிகிறது. மன்னிக்கவும்.

பாலிஷ் போடும் திம்மராயன்
வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.
'தேய்க்கிற கூலி அங்க எவ்வளவு மேடம்?'

முதலாளி சிரித்தார்.
'யானை படுத்தாலும் குதிரை மட்டம். அவனுக்கென்ன!'
யானை படுத்த இடத்தில்
யாருடைய கேழ்வரகு இருந்தது என்று
பழமொழியில் இல்லை.
தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

நைட் ஷிப்ட் நின்றது.
ஒடிசாப் பையன்கள் ஏழு பேர்
ஜோலார்பேட்டைக்குப் போய் ரயிலேறினார்கள்.
அவர்கள் டிபன் வாங்கிய கடையில்
மாரக்கா மாவு அரைப்பதைப் பாதியாக்கினாள்.
திங்கட்கிழமை குழுக் கடன் வசூலுக்கு வந்த பையனிடம்
என்னவென்று சொல்வது?
ஒரு குட்டி நாட்டில் குளிர் அதிகம் தம்பி,
அதனால் இந்த வாரம் தவணை இல்லை என்றா?

நாற்பத்திரண்டு கல் ரத்து.
நாற்பத்தொன்று வெறுங்கல், யாருக்கும் விற்கலாம்.
ஒன்றில் மட்டும் எழுத்து வெட்டியாகிவிட்டது.
இங்கெபோர்க்.
1938.
ஒரு கோடு.
கோட்டுக்குப் பிறகு வழவழவென்று ஒரு சாண் இடம்.

கணவன் கல்லுக்குப் பக்கத்தில் நட
அட்வான்ஸ் கொடுத்து வைத்திருந்தாளாம்.
மீதிப் பணத்துக்கு இந்த வருடம் விறகு வாங்கிக்கொள்கிறேன்,
கல்லை அப்புறம் பார்க்கலாம் என்றாளாம்.
கெட்டிக்காரி.
நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கல் யார்டில் கிடந்தது.
மழைத்தூறலில் அவள் பெயர் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.
பத்தரை மணி டீ அதன்மேல்தான்.
கோட்டுக்குப் பிறகான இடத்தில்
கிளாஸின் அடிவட்டம் பதியும், காயும்,
மறுநாள் இன்னொன்று பதியும்.

'தேய்ச்சு எடுடா, சமையல் மேடைக்காவது ஆகும்'
என்று இரண்டு முறை சொல்லிவிட்டார் முதலாளி.
முதல் முறை மிஷினில் பெல்ட் அறுந்திருந்தது.
இரண்டாம் முறை கரண்ட் இல்லை.
மூன்றாம் முறை திம்மராயன் நேராகவே சொல்லிவிட்டான்:
'செத்தவங்க பேரா இருந்தாத் தேய்ச்சிருவேன் சார்.
இது இருக்கிறவங்க பேரு.'

வருடக் கடைசி இருப்புக் கணக்கில்
ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரி.
ரத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
நாற்பத்தோரு முறை
'பொருளாதார நெருக்கடி' என்று எழுதி
விரல் வலித்தது.

கடைசிக் கல்லுக்கு
'ஆள் நலம்' என்று எழுதினேன்.

ஆடிட்டர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
நானும் யோரனுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.
பதில் இன்னும் வரவில்லை.